சொந்தச் சிரிப்புக்கு வந்த நோட்டீஸ்

மனைவி வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. பெய்வதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த காலை. தையல் மெஷினைப் போர்வையில் சுற்றி வாடகைக் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, அந்த அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். மடியில் கேமரா ஸ்டாண்டு. காலடியில் கத்தரி, நாடா, நூல்கண்டுகள் அடைத்த பை.

எதிர்வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு? குடிச்சிட்டு வந்து ஏதாவது...?" என்று இழுத்தார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. சிரிச்சிட்டாரு."

கார் கிளம்பிவிட்டது. கையை ஆட்டுவதா கூடாதா என்று தெரியாமல் பாதி தூக்கிய கையோடு கணவர் வாசலில் நின்றார். 'சிரிச்சாராமே, யாரைப் பாத்து?' என்ற கேள்வி பால்கனியிலிருந்து தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் அதற்குப் பதிலாக ஒரு பெண்ணும் தயாராகிவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்றார்கள் சிலர். இல்லை, நாற்காலிக் கடை முதலாளியின் தங்கை என்றார்கள் வேறு சிலர். உண்மையைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் சிரித்தது சொந்த மனைவி பேசியதைக் கேட்டு. அதுவும் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு.

அவருக்கு ஊரில் வழங்கும் பெயர் 'மூணாவது வரிசை'. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை.

கல்யாணமான புதிதில் அவர் நாற்காலி வாடகைக் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை மாதிரி ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோ. அங்கே ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நாற்காலி கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒன்று மட்டும் கால் ஆடுகிறதே என்று அதில் உட்கார்ந்து பார்த்தார். மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. யாரோ எதையோ சொல்ல, இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் மூக்கில் ஒரு சின்னச் சீழ்க்கை. அடுத்து, குளிர்ந்துபோன ஸ்கூட்டரைக் காலால் உதைத்துக் கிளப்புவதுபோல் மூன்று நான்கு உதை. வண்டி பிடித்துக்கொண்டதும் ஒரே ஓட்டம். கடைசியில் பெட்ரோல் தீர்ந்தாற்போல் 'ஐயோ... அம்மா...' என்று ஒரு பெருமூச்சு. உதை விழும்போதே பக்கத்திலிருப்பவர்களுக்குத் தொற்றிவிடும். அன்றைக்கு விளக்குப் பிடிப்பவர் சிரித்து, விளக்கு ஆடி, மேடையே ஒருமுறை இடமும் வலமும் போய்வந்தது.

"யாருய்யா அது?" என்று இயக்குநர் கத்தினார்.

"மன்னிச்சிருங்க சார். நான் நாற்காலி இறக்க வந்தவன்."

"நாற்காலி கெடக்கட்டும். நீ எந்திரிக்காத."

அன்று உட்கார்ந்தவர்தான். மேலே மைக் தொங்கும் இடம் மூன்றாவது வரிசையின் நடு நாற்காலி. அது அவருக்கென்றே ஆனது. காலையில் வினாடி வினா, மதியம் குடும்பச் சண்டையைப் பேசித் தீர்க்கும் நிகழ்ச்சி, சாயங்காலம் நகைச்சுவை. கைதட்டுவது, 'ஓ' என்று வாய் பிளப்பது, சிரிப்பது, மூன்றும்தான் வேலை. சம்பளம், சாப்பாடு, போகவர பஸ். எங்கே வேலை என்று கேட்டால் "டிவியில" என்பார். என்ன வேலை என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றுவார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஒலிப்பதிவாளர் அவரைத் தனியாக நிறுத்திக்கொண்டார். சுவரெல்லாம் பஞ்சுத் திண்டு ஒட்டிய சின்ன அறை. "சும்மா சிரிச்சுக்கிட்டே இருங்க அண்ணே. சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணு, அடக்க முடியாம ஒண்ணு, அடுத்தவன் வழுக்கி விழுந்தா வருமே அது ஒண்ணு." ஒரு மதியம் முழுக்கச் சிரித்தார். முடிந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இந்தச் சிரிப்பும் இதன் பகுதிகளும் இதைப் போன்றவையும் இனி கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சிரிப்பை வாங்கிக்கொண்டு போய் எங்கே வைப்பார்கள், நம்மிடம்தானே இருக்கப்போகிறது என்று நினைத்தார். அதோடு, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் மூன்று வரிசை ஆட்களையும் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிகழ்ச்சி மட்டும் நிற்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசினார்கள். சிரிப்பைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

மூணாவது வரிசை அதற்கெல்லாம் மனம் உடைந்துபோகவில்லை. நாற்காலிக் கடைக்கே திரும்பி வேன் சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கு வந்த வருத்தம் வேறு. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தால், சகிக்க முடியாத ஜோக்குக்கெல்லாம் அவர் குரல் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதுக்கெல்லாம் நான் சிரிக்க மாட்டேனே!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார்.

"நல்லா சிரிச்சிட்டு இப்ப மாத்திப் பேசறீங்க" என்பார் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

தெருவிலும் பேச்சு வந்தது. சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, நேத்து அந்த ஆளு நாய் வேஷம் போட்டுக்கிட்டுக் கொரைச்சதுக்கு அப்படிச் சிரிச்சீங்களே? உங்க மேல ஒரு மரியாதை வெச்சிருந்தேன்."

சிரிப்பு இத்தோடு நிற்கவில்லை. ஸ்டுடியோ அதை ஓர் ஒலி நூலகக் கம்பெனிக்கு விற்றது. சத்தங்களைச் சேர்த்துவைத்துக் கேட்பவர்களுக்கு வாடகைக்கு விடும் கம்பெனி அது. இடி, கதவு கிறீச்சிடுவது, குழந்தை அழுவது, மூணாவது வரிசை சிரிப்பது. அது எங்கெங்கே போனது என்பது அவருடைய தங்கை மகள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தங்கை மகள் ஓர் இடத்தில் நிற்காதவள். நாலைந்து வருஷம் நாடு நாடாகச் சுற்றினாள். பழம் பறித்தாள், நாய்களை நடக்கக் கூட்டிப்போனாள், தங்கும் விடுதிகளில் படுக்கை விரித்தாள். அப்படி ஒரு விடுதியில், ஒரு சொல்கூடப் புரியாத மொழியில் ஓடிக்கொண்டிருந்த டிவியிலிருந்து மாமாவின் சிரிப்பு வந்தது. கையில் தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு நாடு தள்ளி ஒரு பொம்மைக் கடையில், வயிற்றை அமுக்கினால் மாமா மாதிரியே சிரித்த கரடி ஒன்றைப் பார்த்தாள். ஊர் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் போய் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டாள். தலைப்பு: 'எண்ணிமத் தொழில்நுட்பங்களும் படைப்புத் துறைகளின் பண்பாட்டு மாற்றமும்: சிரிப்பொலியை முன்வைத்து ஓர் ஆய்வு.'

"இதை மூச்சு விடாம படிச்சுக் காட்டினாலே பட்டம் குடுத்துரலாமே" என்றார் மாமா. அன்றிலிருந்து அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்.

ஆராய்ச்சி வாரம் ஒருமுறை வருவாள். செல்போனை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டு, நாற்காலியில் உட்காராமல் அறைக்குள் நடந்துகொண்டே கேட்பாள்.

"மாமா, சிரிக்கும்போது உங்களை ஒரு தொழிலாளியா உணர்ந்தீங்களா, கலைஞரா உணர்ந்தீங்களா?"

"மைக்குக்குக் கீழ உக்காந்திருக்கேன்னு உணர்ந்தேன்."

"இதை அப்படியே எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ. பக்கத்துல தொப்பி போட்டவன் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தான், அதையும் எழுதிக்கோ. அப்புறம் கொஞ்சம் உக்காரும்மா, தரை தேயுது."

இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே இன்னொரு படைப்புத் துறை வளர்ந்துவிட்டிருந்தது. மனைவி தையல் தெரிந்தவர். அக்கம்பக்கத்துக்குச் சட்டை, திரைச்சீலை, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர், காலர் வைப்பது எப்படி என்று யாரோ கேட்டதற்காக ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். அது ஓடியது. அடுத்து பாக்கெட், அடுத்து ஜிப். பார்க்கிறவர்கள் 'தையலக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேன் சம்பளத்தை நம்பியிருந்த வீடு, சத்தமில்லாமல் தையலக்காவின் சேனலை நம்ப ஆரம்பித்தது.

தையல் பார்க்க வந்தவர்களைவிட அவர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் அதிகம். தையலக்கா சிரிக்காமல் பேசுவார். பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வரும். முதலில் எல்லோரும் அதை ரசித்தார்கள். 'பின்னாடி சிரிக்கிறது யாருக்கா?' என்று கேட்டார்கள். 'கட்டிக்கிட்டவர்' என்று பதில் போட்டார்.

பிறகு நோட்டீஸ் வந்தது. 'உங்கள் காணொளியில் பிறருக்குச் சொந்தமான ஒலி பயன்படுத்தப்பட்டுள்ளது.'

எந்த ஒலி என்று தட்டிப் பார்த்தால், ஒலி நூலகக் கம்பெனியின் பெயர், ஒரு நம்பர், பக்கத்தில் அமுக்கிக் கேட்க ஒரு பொத்தான். அமுக்கினார். மூக்குச் சீழ்க்கை, உதை, ஓட்டம், ஐயோ அம்மா.

"உங்களை நீங்களே திருடிட்டீங்களாம்" என்றார் தையலக்கா.

இரண்டாவது நோட்டீசும் வந்தது. இன்னொன்று வந்தால் சேனலை மூடிவிடுவார்களாம். போட்ட வீடியோ எல்லாம் போய்விடுமாம். வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. ரெக்கார்டிங் நேரத்தில் மூணாவது வரிசை சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, வாயில் துண்டு என்று முடிவானது.

அந்த வாரப் பாடம் சட்டைப் பாக்கெட். மெஷினை மிதித்துக்கொண்டே தையலக்கா பேசினார்: "பாக்கெட்டை ரொம்பப் பெரிசா வெச்சிராதீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பெரிசா வெச்சேன். திருப்புளி, பழைய ரசீது, பாதி தின்ன பிஸ்கட் எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுக்கிட்டு இப்ப ஒரு பக்கமா சாஞ்சே நடக்கறாரு. நான் கட்டிக்கும்போது நேராத்தான் இருந்தாரு."

சமையலறையில் முதலில் சீழ்க்கை கேட்டது. துண்டு வாயைத்தான் அடைக்கும். மூக்கு திறந்துதானே இருக்கிறது. பிறகு உதை. பிறகு அலமாரியிலிருந்து தட்டுகள் விழும் சத்தம்.

அந்த வீடியோவைப் போடாமல் அழித்துவிட்டார்கள். ஆனாலும் தையலக்கா முடிவெடுத்துவிட்டார்.

"கோவம் எல்லாம் இல்லீங்க. எங்க அக்கா வீட்டுல தனி ரூம் இருக்கு, அங்க போய் எடுக்கிறேன்."

"வாயைத் தெச்சு விட்டுரு. உனக்குத்தான் தெரியுமே."

"மூக்கை என்ன செய்ய? நீங்க அழுதிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன். அழுகையை யாரும் வாங்கி வெக்கல."

வியாழக்கிழமை கார் வந்தது.

அதன்பிறகு மூணாவது வரிசைக்கு ஒரே குறிக்கோள்தான். சிரிப்பு தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். மெஷின் வீட்டுக்கு வர வேண்டும். மெஷினோடு மனைவியும் வர வேண்டும்.

ஆராய்ச்சி மேல்முறையீட்டுப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். 'ஒலி உங்களுடையது எனில், பின்னணி ஓசை இன்றி இயல்பாகச் சிரித்துப் பதிவு செய்யவும்' என்று அதில் போட்டிருந்தது. மூணாவது வரிசை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செல்போனை வாயருகே வைத்து, "ஹா. ஹா. ஹா" என்றார். தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண் சொல்வதுபோல் இருந்தது.

பதில் உடனே வந்தது: 'இது சிரிப்பு அல்ல. மீண்டும் முயலவும்.'

"ஏன் மாமா?"

"வர மாட்டேங்குதும்மா. வீட்டுல சிரிக்கிற மாதிரி என்ன இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை உதவிக்கு வந்தார். தையலக்காவின் அக்கா கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாசத்தில் வந்தார் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டுச் சாப்பாட்டு அறை இப்போது ஸ்டுடியோ.

"சகல, என் வீட்டுல நான் இரும முடியல. 'ரெக்கார்டிங்'னு ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்காங்க. நேத்து தும்மல் வந்துச்சு, தெருவுல போய்த் தும்மிட்டு வந்தேன். உங்க வீட்டம்மாவை எப்படியாவது கூட்டிட்டுப் போங்க. நான் ஜோக் சொல்றேன், நீங்க சிரிங்க."

"சொல்லுங்க சகல."

"ஒரு டாக்டர்னு வெச்சுக்குவோம். அவர்கிட்ட ஒரு நோயாளி வர்றார்னு வெச்சுக்குவோம்."

"சரி, வெச்சாச்சு."

"நோயாளி என்ன கேக்கறார்னா, எனக்குத் தூக்கமே வரலைங்கிறார். அதுக்கு டாக்டர், நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேக்கறார். நான் வாட்ச்மேன்னு சொல்றார்." சகலை நிறுத்தினார். இருவர் முகத்தையும் பார்த்தார். "இங்க சிரிக்கணும். ஏன்னா, வாட்ச்மேன் தூங்கக் கூடாது. ஆக, தூக்கம் வராதது அவருக்கு நோய் இல்ல, தகுதி. புரியுதுங்களா? திரும்பச் சொல்லவா?"

திரும்பவும் சொன்னார். மூணாவது வரிசை மரியாதைக்காகப் பல்லைக் காட்டினார். செல்போன் அதைச் சட்டை செய்யவில்லை.

கடைசியில் மூணாவது வரிசைக்கே ஒரு யோசனை தோன்றியது. நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டு, அதில் வரும் தன் சிரிப்பைக் கூர்ந்து கேட்டு, சீழ்க்கை எவ்வளவு நேரம், உதைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மனப்பாடம் பண்ணினார். கண்ணாடி முன் நின்று பழகினார். தன்னையே காப்பியடித்து, ஒரு பிசிறில்லாமல் சிரித்துப் பதிவும் செய்துவிட்டார்.

'இது அசலைப் பார்த்துச் செய்த போலி. மேலும் முயன்றால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

"பொய்யும் சொல்லல அந்த மெஷின்" என்றார் சகலை.

ஆராய்ச்சி நடப்பதை நிறுத்தினாள். "மாமா, ஒரு சந்தேகம். ஸ்டுடியோவுல எப்படிச் சிரிச்சீங்க? அங்கயும் ஜோக் எல்லாம் இந்த லட்சணத்துலதான இருந்திருக்கும்? அந்தப் பஞ்சு ரூமுக்குள்ள ஜோக்கே கெடையாதே!"

மூணாவது வரிசை துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"உங்க அத்தையை நினைச்சுக்குவேன்."

"என்னது?"

"காலையில அவ ஏதாவது சொல்லியிருப்பா. அதை எடுத்துக்கிட்டுப் போவேன். ஒரு தடவை குழாய் சொட்டுதுன்னு சொன்னா. நான் கீழ ஒரு பக்கெட் வெச்சேன். பக்கெட் நிரம்பி வழியுதுன்னு சொன்னா. பெரிய பக்கெட் வாங்கிட்டு வந்தேன். அவ பக்கெட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. 'அடுத்து என்ன, வீட்டையே கொஞ்சம் மேல தூக்கிக் கட்டிரலாமா?'ன்னு கேட்டா. அதை வெச்சு ஒரு மாசம் ஓட்டினேன்."

சகலை வாய் பிளந்தார். "அப்ப அந்த நாய் வேஷத்துக்கு வர்ற பெரிய சிரிப்பு?"

"பக்கெட்."

"வெளிநாட்டுல பாப்பா கேட்டது? அந்தக் கரடி?"

"கரடி எதுன்னு தெரியல. அனேகமா அதுவும் பக்கெட்தான்."

"இதை அத்தைகிட்ட சொன்னதுண்டா மாமா?"

"சொன்னா பேச மாட்டாளேம்மா. யோசிச்சு யோசிச்சுப் பேச ஆரம்பிச்சிருவா. அப்புறம் எனக்குப் பொழப்பு?"

செல்போனில் இன்னும் முயன்றால் நடவடிக்கை என்று வந்துவிட்டதால் நேரிலேயே போவதென்று முடிவானது. ஒலி நூலகத்தின் கிளை அதே ஊரில், ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்தது. கண்ணாடிச் சுவர்கள், காலடிச் சத்தம் கேட்காத தரைவிரிப்பு. சத்தம் விற்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. உரிமைப் பிரிவு அதிகாரி இளம்பெண், நல்ல சுபாவம். பக்கத்துத் திரையில் தலைமை அலுவலகத்து மேலதிகாரி ஒருவர் வீடியோவில் அமர்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. உங்க சிரிப்புதான் எங்ககிட்ட அதிகம் போறது. ஆனா நீங்கதான் அவர்னு கம்ப்யூட்டர் ஒத்துக்கணும். ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க, போதும்" என்றார் அதிகாரி.

மூணாவது வரிசை முயன்றார். கண்ணை மூடிப் பக்கெட்டை நினைத்தார். பக்கெட் வந்தது, குழாய் வந்தது. பேச வேண்டியவர் வரவில்லை. வெறும் பக்கெட்டைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

ஆராய்ச்சி வெளியே போய் அத்தைக்குப் போன் போட்டாள். "அத்தை, மாமா ஒரு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டாரு. சீக்கிரம் வாங்க" என்று முகவரியைச் சொல்லி வைத்துவிட்டாள். தையலக்கா கழுத்தில் அளவு நாடாவோடு, கையில் பாதி தைத்த சட்டைக் கையோடு வந்து சேர்ந்தார். நடைபாதையிலேயே ஆராய்ச்சி பக்கெட் கதையைப் படபடவென்று ஒப்பித்துவிட்டாள். தையலக்கா கதவைத் தள்ளினார். உள்ளே வந்து கணவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னங்க இது? பட்டனை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கீங்க. சட்டை ஒரு பக்கம் மேல ஏறுது, ஒரு பக்கம் கீழ எறங்குது. இதோடவா பஸ்ல வந்தீங்க? லிஃப்டுன்னு நெனச்சு எத்தனாவது மாடின்னு யாரும் கேக்கலையா?"

மூணாவது வரிசையின் மூக்கு லேசாக விடைத்தது.

தையலக்கா அதிகாரி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. துணிக்கடையில் சரக்கைத் திருப்பிக் கொடுப்பவரின் நிதானம்தான் இருந்தது. "மேடம், இவரு சிரிப்பு உங்களோடதுன்னு சொல்றீங்க. நல்லது. அப்ப மிச்ச ஆளையும் நீங்களே எடுத்துக்குங்க. பட்டன் போடத் தெரியாது. காய் வாங்கத் தெரியாது. குழாய் சொட்டினா பக்கெட் வெக்கத் தெரியும், அது மட்டும் நல்லா செய்வாரு. நல்ல பீஸை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு வெட்டுத்துணியை என் தலையில கட்டினா எப்படி?"

சீழ்க்கை. உதை, உதை, உதை. வண்டி பிடித்துக்கொண்டது.

அதிகாரிக்குத் தொற்றியது. தேநீர் கொண்டுவந்தவர் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். மூணாவது வரிசை மேசையில் தலையைக் கவிழ்த்து, 'ஐயோ... அம்மா...' என்று முடித்தபோது மேசைக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. முழுப் பொருத்தம்.

"நிரூபிச்சாச்சு!" என்று ஆராய்ச்சி குதித்தாள்.

"ஆமாங்க, நிரூபிச்சாச்சு" என்று அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது எங்க சிரிப்புதான். சந்தேகமே இல்ல."

"அதைத்தான மேடம் நாங்களும் சொல்றோம்?"

"இல்லம்மா. நீங்க உங்களோடதுன்னு சொல்றீங்க. கம்ப்யூட்டர் எங்களோடதுங்குது. ரெண்டும் ஒண்ணுன்னு இப்பத்தான் உறுதியாச்சு."

மேலதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் முகம் மறைந்து, திரையில் எழுத்து வந்தது: 'இந்த உரையாடலில் பிறருக்குச் சொந்தமான ஒலி இருப்பதால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது.'

அதிகாரி அந்தத் திரையை அணைத்தார். பிறகு, மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறேன், அதற்குமேல் என் கையில் ஒன்றுமில்லை என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அப்போதும் அவருக்கு விட்டு விட்டுச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் தையலக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாதி தைத்த சட்டைக் கையை மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"எல்லாச் சிரிப்புக்கும் என்னைத்தான் நினைச்சீங்களா?"

"எல்லாத்துக்கும் இல்ல. ஒண்ணு ரெண்டு உங்க அக்கா வீட்டுக்காரர்."

"அப்ப இத்தனை வருஷமா ஊர் உலகமெல்லாம் என்னை வெச்சுத்தான் சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கு."

"உன்னை வெச்சுதான். ஆனா அவங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் எனக்கென்ன, பேரா போடப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, சட்டைப் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியான ஓட்டையில் மாட்டிவிட்டார். அன்று சாயங்காலமே சீட் பெல்ட் போட்டுக்கொண்டு மெஷின் வீடு திரும்பியது. சகலை தன் சாப்பாட்டு அறையில் நின்று ஆசை தீர இருமினார்.

ஆனால் நோட்டீஸ் பயம் போகவில்லை. ரெக்கார்டிங் நேரத்தில் மூணாவது வரிசை தெருமுனையில் நிறுத்திய வேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முடிந்ததும் தையலக்கா ஜன்னலில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். தெருவில் எல்லோருக்கும் அது பழகிப்போனது. மருந்துக்கடைப் பெண் கதை தானாகச் செத்தது.

சேனல் தப்பித்தது, பேச்சு தப்பிக்கவில்லை. தையலக்கா சுவரைப் பார்த்துப் பேசினார். எங்கே நிறுத்துவது, எதை இன்னும் கொஞ்சம் இழுப்பது என்று சிரித்துச் சொல்ல ஆளில்லை. 'காலரை மடித்துத் தைக்கவும்' என்று சொல்லிவிட்டு மடித்துத் தைத்தார். 'அக்கா, உடம்பு சரியில்லையா?' என்று பார்க்கிறவர்கள் கேட்டார்கள். மூணாவது வரிசையோ வேனில் உட்கார்ந்து செல்போனில் அந்த வீடியோக்களைப் பார்ப்பார். சிரிப்பு வராது. "நல்லா இருந்துச்சு" என்று வந்து சொல்வார். "பொய் சொல்லாதீங்க" என்பார் தையலக்கா. அதோடு இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆராய்ச்சி இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினாள். அவளுடைய வழிகாட்டி, மாமாவைத் தொழிலாளி என்பதா, படைப்பாளி என்பதா, கருவி என்பதா என்று முடிவு செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவள் 'கணவர்' என்று எழுதிக் கொடுத்தாள். திட்டு வாங்கினாள். பிறகு எப்படியோ பட்டமும் வாங்கினாள். வாங்கிய கையோடு பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி எங்கோ கிளம்பிவிட்டாள். அவ்வப்போது எந்த ஊர் டிவியில் மாமா சிரித்தார் என்று சேதி வரும். வரவர அது குறைந்துகொண்டே வந்தது.

வருஷங்கள் போயின. சகலை ஓய்வு பெற்றார். நாற்காலிக் கடை முதலாளி வேனை மாற்றினார். புது வேனில் உட்காருவதற்கு வசதி அதிகம் என்று மூணாவது வரிசை திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஒரு மதியம், சிவப்புத் துணி தொங்குவதற்கு முன்னாலேயே தையலக்கா தெருவில் இறங்கி வேகமாக வருவது தெரிந்தது. செருப்பு மாறிப் போட்டிருந்தார். வேன் கதவைத் திறந்து செல்போனை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் வந்திருக்கு. என் நம்பருக்கு அனுப்பியிருக்காங்க. சத்தமா படிங்க."

மூணாவது வரிசை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'வணக்கம். முன்பு உரிமைப் பிரிவில் உங்களைச் சந்தித்த அதிகாரி எழுதுகிறேன். எங்கள் நூலகத்தில், ஆண், நடுவயது, மனம்விட்டு, என்ற பெயரில் உள்ள சிரிப்பு பழைய பாணியாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் தொடர்ந்து சொல்லிவருவதால்...' பழைய பாணியா? யாரு பழைய பாணி?"

"மிச்சத்தைப் படிங்க."

"என்னைப் பழசுங்கறாங்க, நீ மிச்சத்தைப் படிங்கிற!"

"படிங்கன்னா."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"'...சொல்லிவருவதால், விற்பனையிலிருந்தும் பொருத்தம் பார்க்கும் பட்டியலிலிருந்தும் இன்று நீக்கப்பட்டது. இனி நீங்கள் வீட்டில் சிரிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'"